பேனலுக்கும் பேட்டரிக்கும் பொருத்தம் பார்ப்பது எப்படி?

பினாங்குத் தீவின் பாலேக் பூலாவில் என் மாமாவுக்கு ஒரு டுரியான் தோட்டம் இருக்கிறது. கடைசி மின்கம்பத்தைத் தாண்டி, மோட்டார் சைக்கிள் மட்டும் ஏறக்கூடிய சிமெண்டுப் பாதையில் இன்னும் கொஞ்ச தூரம் போனால் அவருடைய பலகை வீடு வரும். டுரியான் பெரும்பாலும் இரவில்தான் விழும் என்பதால், பழக் காலம் வந்துவிட்டால் அவருக்கு அங்கேதான் படுக்கை. மலேசிய மின் நிறுவனமான டிஎன்பியின் மின்சாரம் அவ்வளவு மேலே வரவில்லை. முதலில் ஜெனரேட்டர் போட்டுப் பார்த்தார். அந்தச் சத்தத்தில் பழம் விழுவது காதில் கேட்கவில்லை என்று நிறுத்திவிட்டார். அப்புறம்தான் சோலார்.

யாரையும் கேட்காமல் அவரே சாமான் வாங்கினார். 410 வாட் பேனல் ஒன்று, பேட்டரி ஏறுவதைக் கட்டுப்படுத்த ‘30 ஆம்ப்’ என்று எழுதிய சின்ன சார்ஜ் கண்ட்ரோலர் ஒன்று, பழைய லோரியிலிருந்து கழற்றிய பேட்டரி ஒன்று, ஒரு இன்வர்ட்டர். மாட்டினார், விளக்கு எரிந்தது, சந்தோஷம். ஆனால் இரவு பத்து மணிக்குப் போட்ட காத்தாடி ஒரு மணிக்கெல்லாம் நின்றுவிடும். “நானூறு வாட் போட்டிருக்கேன் மாப்ள, அம்பது வாட் காத்தாடி ஓடமாட்டேங்குது. பேனல் போலியா இருக்குமோ?” என்று என்னிடம் கேட்டார்.

பேனல் அசல்தான். பழைய பேட்டரியை விட்டால், மற்ற மூன்று சாமானும் தனித்தனியாகப் பார்த்தால் பழுதில்லை. ஒன்றுக்கொன்று பொருத்தம் பார்க்காமல் சேர்த்து வைத்ததுதான் கோளாறு. கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்ப்போம். சோலாருக்கு அதில் பாதி போதும். ஜாதகம் தேடி அலையவும் வேண்டாம், பேனலின் முதுகிலேயே ஒட்டியிருக்கிறது.

வோல்ட், ஆம்ப், வாட்

கூரைக்கு மேல் இருக்கும் தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். தொட்டி உயரத்தில் இருக்க இருக்க, கீழே குழாயில் தண்ணீர் அழுத்தமாக வரும். அந்த அழுத்தம்தான் வோல்ட். குழாயில் ஓடும் தண்ணீரின் அளவு ஆம்ப். இரண்டையும் பெருக்கினால் வாட். அந்த வாட்டை எத்தனை மணி நேரம் செலவழித்தோமோ அதனால் பெருக்கினால் வாட்-மணி. டிஎன்பி பில்லில் வரும் ஒரு யூனிட் என்பது 1,000 வாட்-மணி.

பேட்டரியில் ஆம்ப்-மணி என்று போட்டிருப்பார்கள். அதை வோல்ட்டால் பெருக்குங்கள். 12 வோல்ட், 100 ஆம்ப்-மணி பேட்டரியில் 1,200 வாட்-மணி இருக்கிறது. இருக்கிறது என்பது வேறு, எடுக்கலாம் என்பது வேறு. அதைப் பிறகு பார்ப்போம்.

தண்ணீர் மேட்டிலிருந்து பள்ளத்துக்குத்தான் ஓடும். அதுபோல பேனலின் வோல்ட் பேட்டரியின் வோல்ட்டைவிட உயர்வாக இருந்தால்தான் பேட்டரி ஏறும். இந்த ஒரு வரியை நினைவில் வைத்திருந்தால் கீழே வரும் பாதி விஷயம் தானாகவே விளங்கிவிடும்.

கணக்கை இரவிலிருந்து தொடங்குங்கள்

பலரும் மாமாவைப் போலக் கூரையிலிருந்துதான் தொடங்குகிறார்கள். ‘எத்தனை வாட் பேனல் போடலாம்?’ என்பதுதான் முதல் கேள்வி. நான் அதைக் கடைசிக் கேள்வியாக வைப்பேன். முதல் கேள்வி, ‘இருட்டியபின் என்னென்ன ஓட வேண்டும்?’

மாமாவோடு உட்கார்ந்து ஒரு காகிதத்தில் எழுதினோம். 9 வாட் எல்ஈடி விளக்கு நான்கு, ஆறு மணி நேரம்: 216. ஐம்பது வாட் காத்தாடி, எட்டு மணி நேரம்: 400. இணையத்துக்கான மோடம் 10 வாட், நாள் முழுக்க: 240. பழத் திருடர்களுக்காக வைத்த இரண்டு கேமராக்கள், தலா 5 வாட், அவையும் நாள் முழுக்க: 240. கைப்பேசிகளுக்கு ஒரு 60. கூட்டினால் 1,156 வாட்-மணி.

மோடத்தையும் கேமராவையும் கவனியுங்கள். பத்து வாட்தானே என்று யாரும் மதிப்பதில்லை, ஆனால் ராத்திரி முழுக்க ஓடும் காத்தாடியைவிட இவை இரண்டும் சேர்ந்து அதிகம் தின்கின்றன. எப்போதும் விழித்திருக்கும் சின்னச் சாமான்கள்தான் பேட்டரியைக் காலி செய்யும். இன்வர்ட்டரும் அந்த வகைதான். பேட்டரியின் டிசி மின்சாரத்தை (ஒரே திசையில் ஓடுவது) வீட்டுச் சாமான்களுக்கு வேண்டிய ஏசி மின்சாரமாக (திசை மாறி மாறி ஓடுவது) மாற்றும்போது சுமார் பத்து விழுக்காடு வீணாகும். அது போக, எதையும் ஓட்டாமல் சும்மா இருந்தாலும் தனக்கென்று கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். எல்லாம் சேர்த்து நாளொன்றுக்கு 1,400 வாட்-மணி என்று வைத்துக்கொண்டோம். இந்த எண்தான் மற்ற எல்லாவற்றுக்கும் அடி.

பேட்டரி: எவ்வளவு இருக்கிறது, எவ்வளவு எடுக்கலாம்

முதலில் அந்த லோரி பேட்டரிக்கு ஒரு வார்த்தை. லோரி, கார் பேட்டரிகள் எஞ்சினைக் கிளப்புவதற்காகச் செய்யப்பட்டவை. சில நொடிகளுக்கு நூற்றுக்கணக்கான ஆம்ப் கொடுத்துவிட்டு, உடனே மறுபடியும் நிரம்பிக்கொள்ளும். அதற்காக உள்ளே ஈயத் தகடுகள் மெல்லியதாக, நிறைய இருக்கும். அதே பேட்டரியை ஒவ்வொரு இரவும் அடிவரை இறக்கினால் அந்தத் தகடுகள் சீக்கிரமே நொறுங்கிவிடும். ஓடுகிற ஓட்டக்காரனை மூட்டை தூக்கச் சொன்ன கதை. மாமாவின் பேட்டரி ஏற்கெனவே பாதி செத்திருந்தது.

சோலாருக்கென்று வருபவற்றில் நம் கைக்கு எட்டுவது இரண்டு வகை. ஆழமாக இறக்கி ஏற்றுவதற்கென்றே செய்த லெட் ஆசிட், அதாவது ஈய பேட்டரி ஒன்று. லித்தியம் இரும்பு பாஸ்பேட் மற்றொன்று. லெட் ஆசிட் பேட்டரியைப் பாதிக்கு மேல் இறக்காமல் இருந்தால்தான் நீண்ட நாள் உழைக்கும். லித்தியத்தில் 80 விழுக்காடு தாராளமாக எடுக்கலாம்.

மழை நாளையும் சேர்த்து ஒன்றரை நாளுக்குத் தாங்க வேண்டும் என்று முடிவு செய்தோம். 1,400-ஐ ஒன்றரையால் பெருக்கினால் 2,100. லெட் ஆசிட் என்றால் இரண்டு மடங்கு, அதாவது 4,200 வாட்-மணி வாங்க வேண்டும்: நூறு ஆம்ப்-மணி பேட்டரி நான்கு. லித்தியத்தில் 25.6 வோல்ட், 100 ஆம்ப்-மணி பெட்டி ஒன்றே 2,560 வாட்-மணி. அதில் 80 விழுக்காடு 2,048. கிட்டத்தட்ட சரியாக வந்துவிட்டது. நான்கு ஈயப் பேட்டரிகளை மோட்டார் சைக்கிளில் மலையேற்றுவதை நினைத்ததுமே மாமா லித்தியம் பக்கம் சாய்ந்துவிட்டார். எனக்கு வேறு காரணமும் இருந்தது. ஈய பேட்டரிக்கு வெயில் ஆகாது. 25 பாகைக்கு மேல் ஏறத்தாழ ஒவ்வொரு பத்து பாகைக்கும் அதன் ஆயுள் பாதியாகக் குறையும் என்பது பொதுவான கணக்கு. தகரக் கூரைக்குக் கீழே பினாங்கு மத்தியானம் எப்படி இருக்கும் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஏன் 24 வோல்ட்? 12 போதாதா? சின்ன அமைப்புக்குப் போதும். ஆனால் வோல்ட் பாதியானால் அதே வாட்டுக்கு ஆம்ப் இரண்டு மடங்காகும். 800 வாட் பேனலை 12 வோல்ட் பேட்டரியில் இறக்க 60 ஆம்புக்கு மேல் தாங்கும் கண்ட்ரோலர் வேண்டும். 24 வோல்ட்டில் 30 ஆம்ப் போதும். கண்ட்ரோலர் விலை, வயர் தடிமன், பியூஸ் அளவு எல்லாம் ஆம்பைப் பொறுத்துத்தான். அதனால் 500, 600 வாட்டைத் தாண்டும்போதே 24-க்குப் போய்விடுங்கள் என்பேன். இதைப் பிறகு மாற்றுவது பெரிய தலைவலி. இன்வர்ட்டரையும் சேர்த்து மாற்ற வேண்டி வரும்.

பேனல் எவ்வளவு வேண்டும்?

410 வாட் பேனல் 410 வாட் தருமா? தரும், தொழிற்சாலைச் சோதனை அறையில். பேனலின் மேல் எழுதியிருக்கும் எல்லா எண்களும் சில்லுகளின் (பேனலில் கட்டம் கட்டமாகத் தெரிபவை) வெப்பம் 25 பாகையாகவும், ஒளி ஒரு சதுர மீட்டருக்கு 1,000 வாட்டாகவும் இருக்கும் நிலைக்கு உரியவை. நம் கூரையில் நண்பகலில் பேனல் 60, 65 பாகைக்குச் சுடும். ஒவ்வொரு பாகைக்கும் சுமார் 0.35 விழுக்காடு சக்தி குறையும். 40 பாகை கூடினால் 14 விழுக்காடு போயிற்று. ‘நல்ல வெயில், நல்ல கரண்டு’ என்பது பாதி உண்மைதான். பேனலுக்குப் பிடித்தது வெளிச்சம், சூடு அல்ல.

நாள் முழுக்க வரும் ஒளியை முழு வெயில் மணிகளாகச் சுருக்கிச் சொல்வது வழக்கம். பினாங்கில் நல்ல மாதங்களில் சுமார் நாலரை முதல் ஐந்து மணி வரை கணக்கில் எடுப்பார்கள். பாலேக் பூலாவில் நான் நான்குக்கு மேல் போகவில்லை. தீவின் நடுவே இருக்கும் மலைத்தொடர் அதற்குக் கிழக்கே நிற்கிறது, காலை வெயில் தாமதமாகத்தான் எட்டிப் பார்க்கும். செப்டம்பர், அக்டோபரில் மழையும் அதிகம். சூடு, தூசு, வயர், கண்ட்ரோலர், பேட்டரி ஆகியவற்றில் வீணாவதற்காக இன்னும் கால் பங்கைக் கழித்தேன்.

1,400 வாட்-மணியை நான்கு மணியாலும் 0.75-ஆலும் வகுத்தால் 467 வாட். இது சராசரி நாளின் கணக்கு. மேகமூட்டமான நாளில் பாதிகூட வராது, முந்தின நாள் காலியான பேட்டரியையும் நிரப்ப வேண்டும். அதனால் ஒன்றரை மடங்குக்குக் குறையாமல் போடுவது நல்லது. மாமாவிடம் ஏற்கெனவே 410 வாட் ஒன்று இருந்தது. அதே மாதிரி இன்னொன்று வாங்கி 820 ஆக்கினோம். ‘அதே மாதிரி’ என்பது முக்கியம். அளவு வேறான இரண்டு பேனல்களை வரிசையாக (ஒன்றின் பிளஸ்ஸை அடுத்ததன் மைனஸில், வோல்ட் கூடும்படி) இணைத்தால், குறைந்த ஆம்ப் உள்ள பேனல்தான் இரண்டுக்கும் எல்லை போடும்.

சாய்வைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். நாம் நிலநடுக்கோட்டுக்கு ஐந்து பாகை வடக்கில் இருக்கிறோம்; சூரியன் ஆண்டில் இரண்டு முறை, ஏப்ரல் தொடக்கத்திலும் செப்டம்பர் தொடக்கத்திலும், நேர் உச்சிக்கு வரும். மழைநீர் வழிந்து தூசைக் கழுவும் அளவுக்குப் பத்துப் பதினைந்து பாகை சாய்ந்திருந்தால் போதும். மர நிழல்தான் உண்மையான எதிரி. பேனலின் ஒரு சில்லு நிழலில் இருந்தாலே அது சேர்ந்திருக்கும் பகுதி முழுவதும் வேலை நிறுத்தம் செய்யும். டுரியான் மரத்தை வெட்டச் சொன்னால் என்னை வெட்டிவிடுவார் மாமா. ஆகவே பேனல்களைக் கூரையிலிருந்து இறக்கி, பாதையோரத்து வெட்டவெளியில் இரும்புச் சட்டத்தில் நிறுத்தினோம்.

தரகர் சரியாக இருக்க வேண்டும்

பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவே நிற்பது சார்ஜ் கண்ட்ரோலர். இரண்டு பக்கமும் பேசத் தெரிந்த தரகர். மாமாவின் அமைப்பு கவிழ்ந்ததும் முக்கியமாக இந்த இடத்தில்தான்.

பேனலின் பின்னால் ஒட்டிய தாளில் நான்கு எண்களைத் தேடுங்கள். ‘விஓசி’ என்பது எதிலும் இணைக்காமல் வெயிலில் வைத்தால் வரும் வோல்ட். மாமாவின் பேனலில் 37.5. ‘விஎம்பி’ என்பது முழுச் சக்தி தரும்போது இருக்கும் வோல்ட்; 31.5. ‘ஐஎம்பி’ அப்போது ஓடும் ஆம்ப், 13. ‘ஐஎஸ்சி’ இரண்டு முனைகளையும் நேரடியாக முட்டவைத்தால் ஓடும் ஆம்ப். 14-க்குச் சற்றுக் குறைவு. விஎம்பியையும் ஐஎம்பியையும் பெருக்கிப் பாருங்கள், 410 வாட் வந்துவிடும்.

கண்ட்ரோலரில் இரண்டு சாதி. விலை குறைந்தது பிடபிள்யூஎம். அது உண்மையில் வேகமாகப் போட்டு அணைக்கும் ஒரு சுவிட்ச்தான். பேனலை நேரடியாகப் பேட்டரியோடு கட்டிவிடும். பேனலின் வோல்ட் பேட்டரியின் வோல்ட்டுக்கு இறங்கிவிடும். ஆம்ப் மட்டும் மாறாது. மாமா வாங்கியது இதைத்தான். கணக்குப் போடுங்கள்: 13 ஆம்ப், 13 வோல்ட் பேட்டரி, 169 வாட். 410 வாட் பேனலில் 240 வாட் எங்கும் போகவில்லை, பிறக்கவே இல்லை. காசு கொடுத்து வாங்கிய பேனலில் பாதிக்கு மேல் கூரையில் வெறும் கண்ணாடியாகக் கிடந்தது. ‘30 ஆம்ப்’ என்று பெட்டியில் எழுதியிருந்ததைப் பார்த்து, 13 ஆம்ப் பேனலுக்கு இது தாராளம் என்று அவர் நினைத்ததில் தப்பில்லை. விற்றவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

இன்னொரு சாதி எம்பிபிடி. இது மோட்டார் சைக்கிளின் கியர் மாதிரி. பேனலை அதற்குப் பிடித்த வோல்ட்டிலேயே ஓடவிட்டு, அந்த உயர்ந்த வோல்ட்டைக் குறைத்து ஆம்பைக் கூட்டிப் பேட்டரிக்குத் தரும். 63 வோல்ட், 13 ஆம்பாக உள்ளே போவது, 26 வோல்ட்டில் ஏறக்குறைய 30 ஆம்பாக வெளியே வரும். வழியில் சில விழுக்காடுதான் வீணாகும்.

அப்படியென்றால் பிடபிள்யூஎம் குப்பையா? இல்லை. 36 சில்லுகள் உள்ள, விஎம்பி 18 வோல்ட் சுற்றி இருக்கும் சின்னப் பேனலை 12 வோல்ட் பேட்டரிக்கு மாட்டினால் அது தன் வேலையைச் செய்யும். வாசல் விளக்கு, மீன் தொட்டி மோட்டார் போன்றவற்றுக்குப் போதும். வீட்டுக் கூரைக்கென்று வரும் பெரிய பேனல்களுக்கு எம்பிபிடி தவிர வேறு வழி கிடையாது.

எம்பிபிடி வாங்கும்போது மேலே ‘100/30’ போல இரண்டு எண்கள் இருக்கும். முதல் எண் பேனல் பக்கத்தில் தாங்கும் அதிகபட்ச வோல்ட். இரண்டாவது பேட்டரி பக்கத்தில் கொடுக்கும் அதிகபட்ச ஆம்ப். இந்த இரண்டுக்கும் குணம் வேறு. ஆம்ப் எல்லையைத் தாண்டினால் பெரிய விபரீதம் இல்லை. பேனல் 35 ஆம்புக்கு இருந்தாலும் கண்ட்ரோலர் 30-ஐ மட்டும் எடுத்துக்கொண்டு மீதியை விட்டுவிடும். பேனல் பக்கத்து ஐஎஸ்சி எல்லையை மட்டும் கையேட்டில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். வோல்ட் எல்லை அப்படியல்ல. ஒரு நொடி தாண்டினாலும் கண்ட்ரோலர் செத்துவிடும்.

வோல்ட் எல்லைக்கு விஎம்பியைப் பார்க்கக் கூடாது, விஓசியைப் பார்க்க வேண்டும். பேட்டரி நிரம்பி கண்ட்ரோலர் எடுப்பதை நிறுத்தும்போது பேனல் விஓசிக்கு ஏறிவிடும். இரண்டு பேனலை வரிசையில் இணைத்தால் 75 வோல்ட், 100-க்குள் அடங்கும். மூன்று என்றால் 112.5, அன்றைக்கே புகை. குளிர்ந்தால் பேனலின் வோல்ட் ஏறும் என்பதால், பனி பெய்யும் நாடுகளில் இதற்கு மேல் பெரிய இடைவெளி விடுவார்கள். பினாங்கில் விடியற்காலையில்கூட இருபத்திரண்டு இருபத்துமூன்று பாகைக்குக் கீழே அவ்வளவாக இறங்காது. பத்து விழுக்காடு இடைவெளி நமக்குப் போதும்.

நமக்கு உள்ள தொல்லை எதிர்ப்பக்கத்தில் இருக்கிறது, அதை வெளிநாட்டுக் கையேடுகள் அவ்வளவாக அழுத்திச் சொல்வதில்லை. சூட்டில் வோல்ட் இறங்கும். 31.5 வோல்ட் விஎம்பி, 65 பாகையில் 27 அல்லது 28-க்கு வந்துவிடும். 24 வோல்ட் லித்தியம் பேட்டரி நிரம்ப 28 வோல்ட்டுக்கு மேல் வேண்டும். பல எம்பிபிடிக்களுக்குப் பேட்டரியைவிட ஐந்து வோல்ட் கூடுதலாக வந்தால்தான் வேலையே தொடங்கும். இரண்டாவது பேனல் வருவதற்கு முன், ஒரு வாரம் நான் ஒரே பேனலை 24 வோல்ட் அமைப்பில் ஓட்டிப் பார்த்தேன். காலை ஒன்பது மணிக்கு ஒழுங்காக ஏறும். உச்சி வெயிலில் தள்ளாடும். மேகம் மூடிப் பேனல் கொஞ்சம் ஆறினால் மறுபடி நிமிரும். தலையைச் சொறிந்துகொண்டு வயரையெல்லாம் கழற்றி மாட்டினேன். கடைசியில் பார்த்தால் மேட்டுக்கும் பள்ளத்துக்கும் வித்தியாசமே இல்லாமல் போயிருந்தது, அவ்வளவுதான். இரண்டை வரிசையில் போட்டதும் சூட்டிலும் 55 வோல்ட் நின்றது.

வயரில் வீணாவதும் அப்படியே குறைந்தது. பேனலிலிருந்து வீட்டுக்கு 12 மீட்டர், போக வர 24 மீட்டர். 4 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரின் தடை சுமார் 0.1 ஓம். இரண்டு பேனலையும் பக்கவாட்டில் (பிளஸ்ஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ்) இணைத்தால் 26 ஆம்ப் ஓடும், வயரிலேயே 70 வாட் சூடாகப் போகும். வரிசையில் இணைத்தால் 13 ஆம்ப், 17 வாட்தான் போகும். ஆம்ப் பாதியானால் வீணாவது கால் பங்காகும்.

பேட்டரிக்கு ஏற்ற உணவு

இன்னொரு பொருத்தம் பலர் பார்க்காதது: கண்ட்ரோலர் தரும் ஆம்ப் பேட்டரிக்குச் செரிக்குமா? லெட் ஆசிட் பேட்டரிக்கு அதன் ஆம்ப்-மணியில் பத்தில் ஒரு பங்கு வசதியான அளவு. 200 ஆம்ப்-மணிக்கு 20 ஆம்ப். ரொம்பக் கூடினால் சூடாகித் தண்ணீரைக் கொதிக்கவிடும். ரொம்பக் குறைந்தால் அதுவும் கெடுதல். பெரிய பேட்டரியை வாங்கிவிட்டு ஒரு சின்னப் பேனலை மாட்டினால் அது என்றைக்குமே முழுதாக நிரம்பாது. தகட்டில் ஈய சல்பேட் கெட்டியாகப் படிந்து, உபயோகிக்காமலேயே பேட்டரி செத்துப்போகும். பெரிய பேட்டரி வாங்கினால் பாதுகாப்பு என்ற எண்ணம் லெட் ஆசிட்டில் பலிக்காது. லித்தியத்துக்குப் பொதுவாக அதன் ஆம்ப்-மணியில் பாதி வரை கொடுக்கலாம். 100 ஆம்ப்-மணி பெட்டிக்கு நம் 30 ஆம்ப் சாதாரணம். பாதி நிரம்பிய நிலையே அதற்குச் சுகம் என்பதால், மழை வாரத்தில் முழுதாக ஏறாவிட்டாலும் கவலை இல்லை.

கண்ட்ரோலரில் பேட்டரி வகையைத் தேர்ந்தெடுக்கும் அமைப்பு இருக்கும். அதை மறக்காமல் மாற்றுங்கள். லெட் ஆசிட் அமைப்பில் அவ்வப்போது வோல்ட்டை மிக உயர்த்தி பேட்டரிக்குள் இருக்கும் எல்லா அறைகளையும் சமப்படுத்தும் ஒரு வேலை உண்டு. வெப்பம் கூடினால் வோல்ட்டைக் குறைக்கும் ஏற்பாடும் உண்டு. இரண்டும் ஈயத்துக்கு நல்லது, லித்தியத்துக்கு வேண்டாதது. சமப்படுத்தும் வோல்ட் வந்தால் லித்தியம் பெட்டிக்குள் இருக்கும் காவல் சுற்று, பிஎம்எஸ் என்பார்கள், தன்னைத் துண்டித்துக்கொள்ளும். ஏறிக்கொண்டிருக்கும்போது பேட்டரி திடீரென்று மறைந்துவிட்டால் மலிவான கண்ட்ரோலர்கள் தடுமாறி, வோல்ட்டை எகிறவிடும். இன்வர்ட்டரும் சேர்ந்து போகலாம்.

லித்தியத்தில் வோல்ட்டைப் பார்த்து எவ்வளவு மீதி என்று சொல்லவும் முடியாது. லெட் ஆசிட் ஓய்வில் 12.7 காட்டினால் நிரம்பியிருக்கிறது, 12.2 என்றால் பாதி என்று சொல்லிவிடலாம். லித்தியம் தொண்ணூறு விழுக்காட்டிலும் முப்பதிலும் ஏறத்தாழ ஒரே வோல்ட்டைக் காட்டிக்கொண்டிருந்துவிட்டு, கடைசியில் திடீரென்று விழும். உள்ளே போவதையும் வெளியே வருவதையும் எண்ணும் மீட்டர் ஒன்று வைத்துக்கொள்வது நல்லது.

மாட்டும் வரிசை

முதலில் பேட்டரியைக் கண்ட்ரோலரோடு இணையுங்கள், அதற்குப் பிறகு பேனல். பல கண்ட்ரோலர்கள் பேட்டரியைப் பார்த்துத்தான் இது 12 வோல்ட்டா 24 வோல்ட்டா என்று தெரிந்துகொள்கின்றன. கழற்றும்போது தலைகீழ்: முதலில் பேனல், பிறகு பேட்டரி. பேட்டரிக்குப் பக்கத்திலேயே, கையெட்டும் தூரத்தில் பியூஸ் வையுங்கள். வயர் எங்காவது உரசி முட்டிக்கொண்டால் பேட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பைத் தயங்காமல் கொட்டும்.

வீட்டில் கிடக்கும் சாதாரண ஏசி பிரேக்கரைப் பேனல் பக்கம் போடாதீர்கள். நம் வீட்டு ஏசி மின்சாரம் நொடிக்கு நூறு முறை பூச்சியத்தைத் தொட்டு வருவதால், பிரேக்கர் திறக்கும்போது எழும் தீப்பொறி தானாக அணைந்துவிடும். டிசியில் அந்த இடைவெளி கிடையாது. பொறி இழுத்துக்கொண்டே நின்று பிளாஸ்டிக்கை உருக்கிவிடும். டிசி என்று போட்டதையே வாங்குங்கள். மலையில் இருந்தால் இடி மின்னலுக்கான காப்பும் நிலத்தொடுப்பும் கட்டாயம். 240 வோல்ட் பக்கத்தை மாமாவிடமும் விடவில்லை, நானும் தொடவில்லை. பதிவு பெற்ற வயர்மேனைக் கூப்பிட்டோம்.

ஜெலுத்தோங்கில் டிஎன்பி இணைப்போடு இருக்கும் என் டெரஸ் வீட்டுக்கும் இதே மாதிரி போடலாமா என்று மனைவி கேட்டார். வேண்டாம் என்றேன். கம்பி வாசல் வரை வந்திருக்கும் வீட்டில் பேட்டரி என்பது பெரும்பாலும் ஆடம்பரம். அங்கே பேனலை நேராக மின்வலையோடு இணைப்பதுதான் வழக்கம். பேட்டரி இல்லாத அந்த அமைப்பு ஊர் மின்சாரம் போனால் தானும் நின்றுவிடும். கம்பியில் வேலை செய்கிறவருக்கு ஷாக் அடிக்கக் கூடாது என்பதற்காகவே அப்படி வைத்திருக்கிறார்கள். இது தெரியாமல் பேனல் போட்டுவிட்டு, கரண்டு போன இரவில் ஏமாந்தவர்கள் என் தெருவிலேயே உண்டு.

மாமா வீட்டில் காத்தாடி இப்போது விடியும் வரை ஓடுகிறது. போன வாரம், “ஒரு குட்டி ஐஸ்பெட்டி வைக்கலாமா மாப்ள?” என்று கேட்டார். மறுபடி காகிதத்தை எடுத்தோம். ஐஸ்பெட்டிக்கு நாளொன்றுக்கு 800 வாட்-மணி, இன்வர்ட்டர் இழப்போடு 900. மொத்தம் 2,300. பேட்டரி இன்னொன்று. இப்போதுள்ள பேனல்கள் நல்ல வெயில் நாளில் மட்டும் தாங்கும், அதனால் பேனலும் கூட்ட வேண்டும். “மூணாவதா ஒண்ணு மாட்டிடலாமே” என்றார். வரிசையில் மூன்று என்றால் 112.5 வோல்ட், கண்ட்ரோலர் தாங்காது. ஆக இன்னும் இரண்டு பேனல், அவற்றுக்குத் தனியாக இன்னொரு 100/30 கண்ட்ரோலர், இரண்டு கண்ட்ரோலரும் ஒரே பேட்டரித் தொகுப்பில் ஒரே அமைப்போடு. மாமா காகிதத்தைத் திருப்பி, பின்பக்கத்தில் ஐஸ் கட்டி ஒரு மூட்டை எத்தனை வெள்ளி என்று எழுதி, அதைப் பழக் காலத்து நாட்களால் பெருக்கத் தொடங்கினார்.